நாலு மெகாஹெர்ட்ஸ் ஆகாயம்

2018-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் காவிரியும் கொள்ளிடமும் கரை தொட்டு ஓடிய நாட்களைத் திருச்சி ஜில்லாவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதம் 18-ந் தேதியன்று, திருவானைக்காவையும் வடகரையையும் 1928-ம் வருஷம் முதல் இணைத்து நின்ற பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் சில வெள்ளத்தில் சரிந்தன. போக்குவரத்து அதற்கு முன்பே பக்கத்துப் புதிய பாலத்துக்கு மாற்றப்பட்டிருந்தபடியால் பெருந் தீங்கு நேராமல் தப்பியது. நான்கு நாட்கள் கழித்து, 22-ந் தேதி இரவில், ஆர்தர் காட்டன் துரை 1836-ல் கட்டுவித்த முக்கொம்பு மேலணையில், கொள்ளிடத்துப் பக்கத்துக் கதவுகளில் 9 ஆற்றோடு போயின. அங்கே புதிய கதவணை பின்னர்தான் கட்டப்பட்டது.

ஸ்ரீரங்கம் இரண்டு ஆறுகளுக்கு நடுவே கிடக்கும் தீவு. மேற்கே முக்கொம்பில் பிரிந்த நீர் கிழக்கே கல்லணையருகில் மறுபடியும் நெருங்கி வரும் வரையில், இந்தத் தீவின் க்ஷேமம் இரு கரைகளின் உறுதியைப் பொறுத்தது. வெள்ள காலத்தில் எந்த இடத்தில் கரை அரிக்கிறது, எந்த மதகில் நீர் ஏறுகிறது, எந்தத் தெருவுக்குப் படகு போக வேண்டும் என்பவற்றைக் கலெக்டர் கச்சேரியில் உட்கார்ந்திருப்பவர் நிச்சயமாக அறிய வேண்டுமானால், பத்துப் பேர் வாய்மொழியாகச் சொல்லும் பத்து விதமான செய்திகளைக் காட்டிலும், ஒரு நிமிஷக் காட்சி அதிகப் பிரயோஜனமுள்ளது. "அதற்குத்தான் கைபேசி இருக்கிறதே" என்று சிலர் சொல்லக்கூடும். அதே 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி டெல்டா ஜில்லாக்களைத் தாக்கிய கஜா புயல் அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டது. மின்சாரக் கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன; கோபுரங்கள் மௌனமாயின; கையில் கைபேசி இருந்தும் பல கிராமத்தார் பக்கத்து ஊருடன் பேச முடியாமல் தவித்தனர். கம்பியும் கோபுரமும் கம்பெனியும் ஒருங்கே கைவிட்ட வேளையில், ஆற்றங்கரையின் காட்சியை ஊருக்குள் கொண்டு வரும் வழி யாது?

அத்தகைய வழி ஒன்று உண்டு. சட்டமும் அதற்கு ஓரளவு இடங் கொடுத்திருக்கிறது. அதற்கு வேண்டிய கருவியைத் திருச்சியிலேயே செய்து கொள்ளலாம் என்பதும், செய்து கொள்ளாமலிருப்பது நமக்குப் பெருமையாகாது என்பதும் நமது திடமான அபிப்பிராயம். அமெச்சூர் ரேடியோக்காரர்கள் கையாளும் டிஜிட்டல் டெலிவிஷன் என்னும் விஷயத்தைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம்.

அமெச்சூர் யார்?

நாடக சபைகளால் "அமெச்சூர்" என்ற சொல் நம்மவருக்குப் பழக்கமானதே. கூலி வாங்காமல், கலையின் மீதுள்ள பிரியத்தால் மேடையேறுகிறவர் அமெச்சூர் நடிகர். அதுபோலவே, சம்பளமோ லாபமோ கருதாமல், பரீக்ஷையில் தேறி, சர்க்காரின் உரிமமும் தமக்கென்று ஓர் அழைப்புக் குறியும் பெற்று, சொந்தக் கருவியால் உலகத்தோடு பேசுகிறவர் அமெச்சூர் ரேடியோக்காரர். ஜனங்கள் அவரை "ஹாம்" என்றும் சொல்வார்கள். 12 வயது நிரம்பிய சிறுவன்கூட இந்தியாவில் இந்தப் பரீக்ஷைக்கு உட்காரலாம் என்று விதி வகுத்திருக்கிறார்கள்.

நமது தேசத்தின் வானொலிச் சரித்திரம் சர்க்காரிடமிருந்து தொடங்கவில்லை, இவர்களிடமிருந்தே தொடங்குகிறது. 1921-ல் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தர் முதல் உரிமம் பெற்றார். முகுல் போஸ் இரு வழிச் சம்பாஷணையை நடத்திக் காட்டினார். சென்னையில் ஸ்ரீ கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பர்களும் 1924-ல் ரேடியோ சங்கம் ஒன்றை ஸ்தாபித்து, ஜூலை 31-ந் தேதி ஒலிபரப்பைத் தொடங்கினார்கள். காவிரியில் சரித்திரப் பிரசித்தி பெற்ற பெருவெள்ளம் வந்ததும் அதே ஜூலை மாதத்தில்தான். 1927-ல் பணமுடையால் அந்தச் சங்கம் ஒலிபரப்பை நிறுத்த நேர்ந்தது. ஆயினும் அவர்கள் விதைத்த விதை வீணாகவில்லை. 1930-ல் சென்னைக் கார்ப்பொரேஷன் அந்தப் பணியை மேற்கொண்டது. 1938 ஜூன் 16-ல் சென்னையிலும், 1939 மே 16-ல் திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் தோன்றின. தனி மனிதர்கள் சொந்தச் செலவில் காட்டிய வழியில் சர்க்கார் பதினான்கு வருஷம் கழித்து நடந்தது.

யுத்தம் வந்ததும் அந்நிய ஆட்சியாளர் செய்த முதற் காரியங்களுள் ஒன்று, அமெச்சூர்களின் அனுப்பும் கருவிகளைப் போலீஸாரிடம் ஒப்படைக்கும்படி உத்தரவிட்டது. காரணம் விளங்காத விஷயமல்ல. பேசும் கருவி ஜனங்கள் கையிலிருந்தால் அது எந்த வேளையில் எதைப் பேசும் என்று சொல்ல முடியாது. 1942 ஆகஸ்டில், தலைவர்கள் யாவரும் சிறைக்குள் தள்ளப்பட்ட பிறகு, பம்பாயில் உஷா மேத்தா என்ற இளநங்கையும் அவருடைய தோழர்களும் இடம் மாற்றி மாற்றி நடத்திய காங்கிரஸ் ரேடியோ, நவம்பர் மாதம் பிடிபடும் வரையில் தேசத்தின் குரலாய் விளங்கிற்று. இரும்பும் கம்பியும் சேர்த்து ஓர் அனுப்பும் கருவியைத் தாமே முடுக்கத் தெரிந்த சிலர் அப்போது நம்மிடம் இருந்திராவிட்டால், அந்தக் குரல் எழும்பியிராது. அந்தக் கைப்பழக்கம் அவசரத்தில் ஒரு நாளில் வந்ததல்ல; முன் இருபது வருஷ காலம் அமெச்சூர்கள் பயின்று வைத்தது.

ஆகாயச் சித்திரத்திலும் தமிழ்நாட்டு மாணவர் ஒருவர் முந்திக் கொண்டதைப் பலர் அறியார். 1950 ஜனவரியில், சென்னை தேனாம்பேட்டையில் நடந்த பொருட்காட்சியில், மின்சார எஞ்ஜினீயரிங் மாணவரான பி. சிவகுமாரன், ஒரு கடிதத்தைக் கருவியால் வருடி, அதன் உருவத்தைக் காதோட் கதிர்க் குழாயின் திரையில் தோன்றச் செய்தார். டில்லியில் சர்க்காரின் டெலிவிஷன் பரீக்ஷார்த்தமாகத் தொடங்கியது 1959 செப்டம்பர் 15-ல். அது சென்னைக்கு வந்தது 1975 ஆகஸ்டு 15-ல். மாணவர் காட்டியதற்கும் ஊருக்கு அது கிடைத்ததற்கும் இடையே இருபத்தைந்து வருஷம் சென்றது. அந்த இருபத்தைந்து வருஷத்தில் அந்த மாணவரைப் போன்ற நூறு பேருக்கு ஒரு பட்டறையும் ஒரு சங்கமும் இருந்திருந்தால், டெலிவிஷன் பெட்டிகளுக்கு நாம் அந்நியரின் வாசலில் காத்திருக்க வேண்டிய நாட்கள் எவ்வளவோ குறைந்திருக்கும்.

கணக்கு என்ன சொல்கிறது?

இனி விஷயத்தின் உள்ளே புகுவோம். ஆகாயத்தில் மின்காந்த அலைகளுக்கு உள்ள இடத்தை அதிர்வெண்ணால் அளந்து, சர்க்கார் ஒவ்வொருவருக்கும் பங்கிட்டிருக்கிறது. காட்சியை அனுப்ப வசதியான பகுதிகளில் நமது அமெச்சூர்களுக்கு விடப்பட்டிருப்பது 434 மெகாஹெர்ட்ஸ் முதல் 438 வரையில், அதாவது 4 மெகாஹெர்ட்ஸ். அதற்கு மேலே 1260 முதல் 1300 வரையில் இன்னோர் இடம் உண்டு. அங்கே கருவி செய்வது ஆரம்பக்காரருக்குச் சற்றுக் கடினம். பழைய முறை டெலிவிஷனில் ஒரு சானலுக்கு 7 அல்லது 8 மெகாஹெர்ட்ஸ் அகலம் தேவைப்பட்டது. ஏழு முழ வேஷ்டியை நாலு முழக் கொடியில் விரித்து உலர்த்த முடியாது. ஆகையால், மற்ற தேசத்து அமெச்சூர்கள் பல வருஷங்களாகப் பழைய முறையில் சித்திரம் அனுப்பி வந்த இந்த அலைப் பகுதியில், நம்மவர் அசையும் சித்திரம் அனுப்பக் கதவு ஏறக்குறைய அடைபட்டே இருந்தது. அசையாத படத்தை மெதுவாக, கோடு கோடாக அனுப்பும் மந்தகதி முறையே அவர்களுக்கு மிஞ்சியது.

டிஜிட்டல் முறை, அதாவது காட்சியை எண்களாக்கி அனுப்பும் முறை, இந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிட்டது. சாதாரணமான ஒரு டெலிவிஷன் காட்சியைச் சுருக்காமல் எண்களாக்கினால் வினாடிக்கு 16 கோடிக்கு மேற்பட்ட துணுக்குகள் ஆகும். ஆனால் ஆற்றங்கரையைக் காட்டும் படத்தில், இந்தக் கணத்துக்கும் அடுத்த கணத்துக்கும் மாறுவது ஓடும் நீரும் நடக்கும் மனிதருமே. கரையும் மரமும் மண்டபமும் அப்படியே இருக்கின்றன. மாறியதை மட்டும் சொன்னால் போதும். இந்த யுக்தியை 2003-ல் வகுக்கப்பட்ட எச்.264 என்னும் சுருக்கு முறை மிகத் திறமையாகச் செய்கிறது. பத்து வருஷம் கழித்து வந்த எச்.265 அதனினும் சிக்கனமானது. இவற்றால் 16 கோடி துணுக்குகளை நாலரை லட்சத்துக்குள் அடக்கி, பார்க்கத்தக்க காட்சியாக அனுப்ப முடிகிறது. அதற்கு வேண்டிய ஆகாயம் அரை மெகாஹெர்ட்ஸுக்கும் குறைவு. முன்பு ஒரு சானலுக்கும் போதாதிருந்த நமது 4 மெகாஹெர்ட்ஸில், இப்பொழுது ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்று, முக்கொம்பிலிருந்து ஒன்று, கல்லணையிலிருந்து ஒன்று என்று பல காட்சிகள் ஒன்றையொன்று இடிக்காமல் செல்ல இடமிருக்கிறது.

சுருக்கிய செய்தியில் ஒரு துணுக்கு தவறினாலும் படம் கெடுமே என்று கேட்கலாம். தந்தி ஆபீஸில் முக்கியமான எண்களைச் செய்தியின் முடிவில் திருப்பிச் சொல்வார்கள் அல்லவா? அதுபோல, ஆனால் அதனினும் சாமர்த்தியமான கணித முறையில், சில சரிபார்க்கும் துணுக்குகளைக் கூட்டி அனுப்புகிறார்கள். வழியில் ஏற்படும் பிழைகளை வாங்கும் கருவி தானே கண்டு திருத்திக் கொள்கிறது. பழைய முறையில் அலை பலவீனப்படப் பலவீனப்படப் படத்தில் பொரி பொரியாகப் புள்ளிகள் விழும். புதிய முறையில் ஓர் எல்லை வரையில் படம் தெளிவாயிருக்கும். எல்லை கடந்தால் ஒன்றுமே வராது. ஆகையால், ஏரியலை எவ்வளவு உயரத்தில், எந்தத் திசையில் நிறுத்துவது என்பதை முன்கூட்டியே நடந்து பார்த்துச் சோதித்து வைப்பது இதில் அவசியமாகிறது. வெள்ளம் வந்த பிறகு தொடங்கும் வேலை இதுவல்ல.

இந்த அலைகள் பெரும்பாலும் கண்ணுக்கு எட்டும் தூரமே செல்லும். திருச்சி இந்த விஷயத்தில் பாக்கியம் செய்த ஊர். மலைக்கோட்டைப் பாறை சுமார் 83 மீட்டர் உயரமுள்ளது. அவ்வளவு உயரத்திலிருந்து, 10 மீட்டர் கம்பத்தில் ஏரியல் வைத்திருக்கும் ஒருவருக்கு, இடையில் தடையில்லாவிட்டால், கணக்குப்படி ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வரையில் எட்டும். மேற்கே முக்கொம்பும் கிழக்கே கல்லணையும் இந்த வட்டத்துக்குள் நன்றாக அடங்கும். மலைக்கோட்டையிலும் ராஜகோபுரத்திலும் கம்பங்களை நட வேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. அவை வழிபாட்டு ஸ்தலங்கள். காலேஜ் மாடிகளும் பொன்மலை மேடும் போதுமானவை. சமவெளி ஊர்களுக்கு இல்லாத உயரத்தை இயற்கை நமக்குக் கொடுத்திருக்கிறது என்பதையே சுட்டிக் காட்டுகிறோம்.

கருவியை யார் செய்வது?

இங்கிலாந்தில் 1949-ல் ஏற்பட்ட அமெச்சூர் டெலிவிஷன் சங்கத்தார், போர்ட்ஸ்டவுன் என்ற பெயரால் ஒரு கருவியின் அமைப்பை வகுத்து, அதன் படங்களையும் கணிப்பொறிக் கட்டளைகளையும் ஒளிக்காமல் வெளியிட்டிருக்கிறார்கள். அதன் இருதயம், பள்ளிச் சிறுவர்கள் பழகும் ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கை அளவுள்ள கணிப்பொறி. காமிராவின் காட்சியை அது சுருக்கிக் கொடுக்க, ஒரு சிறிய பலகை அதை அலையாக மாற்றுகிறது. அதன் பிறகு வடிகட்டி, சக்தியைப் பெருக்கும் பகுதி, ஏரியல் ஆகியவை வேண்டும். வாங்கும் பக்கத்துக்குப் பிரான்ஸ் தேசத்து அமெச்சூர் ஒருவர் மினிட்யூனர் என்ற எளிய கருவியை வகுத்தளித்தார். இவ்வளவு குறுகிய அலைவரிசையை வீட்டிலுள்ள சாதாரண டெலிவிஷன் பெட்டி வாங்காது என்பதால் அது தேவைப்பட்டது.

இவற்றை விலைக்கு வாங்கி அடுக்கி வைத்துவிட்டு, "திருச்சியிலும் டிஜிட்டல் டெலிவிஷன் வந்துவிட்டது" என்று பொதுக் கூட்டம் போடுவதில் நமக்கு உற்சாகமில்லை. வாங்கிய கருவி பழுதானால் மறுபடியும் வாங்கியவரிடமே போக வேண்டும். வெள்ளம் அதற்காகக் காத்திராது. மறுபுறம், நுண்ணிய சில்லு முதல் திருகாணி வரையில் எல்லாம் நாமே செய்தாலொழிய அது சுதேசியாகாது என்று பேசுவதும் இன்றைய நிலையில் காரியத்துக்கு உதவாது. சில்லுகள் வெளியிலிருந்துதான் வரும். அவற்றைச் சூழ்ந்த சுற்று, வடிகட்டி, சக்தி பெருக்கி, ஏரியல், மின்கல ஏற்பாடு, மழையில் நனையாத பெட்டி, தமிழில் இயங்கும் கட்டளைகள் ஆகிய அனைத்தையும் இங்கே செய்யலாம். அவற்றில் சக்தி பெருக்கியே கடினமான பகுதி. அதை அதன் முழு வலிவுக்கு ஓட்டினால் அலை சிதறிப் பக்கத்து இடங்களைக் கெடுக்கும். வலிவில் ஒரு சிறு பங்குக்கே ஓட்டி, உஷ்ணத்தையும் தாங்கச் செய்ய வேண்டும். நமது வெயிலுக்குத் தக்கவாறு அதை அமைக்க நம் ஊர்க்காரரைவிடத் தகுந்தவர் யார்?

இதற்கு முன்மாதிரி வெகு தூரத்தில் இல்லை. ஐதராபாதைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் என்ற அமெச்சூர், 2003-ஐ ஒட்டிய வருஷங்களில், பிட்எக்ஸ் என்ற பேசும் கருவியை வகுத்தார். கம்பிச் சுருளுக்கு வேண்டிய வளையங்கள் நம் கடைகளில் அகப்படாது என்று கண்டு, குழாய்க் கடையில் விற்கும் வாஷர்களின் மீது கம்பியைச் சுற்றும்படி ஏற்பாடு செய்தார். ஏழை மாணவனும் செய்யத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். அந்தக் கருவியை இன்று பல கண்டங்களிலும் அமெச்சூர்கள் செய்து உபயோகிக்கிறார்கள். குழாய் வாஷரில் ரேடியோ செய்த தேசத்தில், டெலிவிஷன் அனுப்பும் கருவி செய்ய முடியாது என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆகாயத்துக்கு அப்பாலும் நாம் கை நீட்டியிருக்கிறோம். 2005 மே 5-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ அனுப்பிய ஹாம்சாட் என்னும் துணைக்கோள் முழுக்க முழுக்க அமெச்சூர்களுக்காகவே ஏற்பட்டது. 42 கிலோ எடையுள்ள அந்தச் சிறு கோள் 2014 ஜூலை வரையில் உலக அமெச்சூர்களுக்கு ஊழியம் செய்தது.

திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் இந்தத் துறையில் புதிதாக அறிமுகம் வேண்டுவதில்லை. சி. வி. ராமன் பிறந்தது இந்த ஊரில். சொற்ப விலையுள்ள கருவிகளைக் கொண்டு உலகம் வியக்கும் உண்மையைக் கண்டார். சுஜாதா என்ற பெயரால் தமிழுலகம் அறிந்த எஸ். ரங்கராஜன் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, செயிண்ட் ஜோசப் காலேஜில் படித்து, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஸ்தாபனத்தில் மின்னணு வோட்டு யந்திரத்தின் உருவாக்கத்தை மேற்பார்த்தவர். தேசத்தின் தேர்தலையே நடத்தும் யந்திரத்துக்கு ஸ்ரீரங்கத்து மூளை உதவிற்று. இன்றும் தேசியத் தொழில்நுட்பக் கழகமும், பல எஞ்ஜினீயரிங் காலேஜுகளும், பெல் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த எண்ணற்ற சிறு பட்டறைகளும் இங்கே இருக்கின்றன. தகடு வெட்டவும், அலுமினியக் குழாயை அளந்து அறுக்கவும், பற்றவைக்கவும் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. மாணவரின் கணக்கையும் பட்டறைக்காரரின் கையையும் ஒரே மேஜைக்கு அழைத்து வருவோர்தான் வேண்டும்.

ஆக்ஷேபங்கள்

இதைப் படிக்கும் தேசத் தொண்டர்களுக்கு ஓர் எண்ணம் தோன்றலாம்: "நமக்கென்று ஒரு டெலிவிஷன் நிலையம் கிடைத்தால் நம் கக்ஷியின் கொள்கைகளை ஊரெங்கும் பரப்பலாமே!" அந்த எண்ணத்தை இப்பொழுதே விட்டுவிடும்படி கேட்டுக் கொள்கிறோம். அமெச்சூர் உரிமம் பிரசாரத்துக்கோ வியாபாரத்துக்கோ உரியதன்று. பொதுஜனங்களுக்கு ஒலிபரப்பவும் அதில் இடமில்லை. ஒரு கக்ஷிக் கூட்டத்தை ஒருவர் ஒரு தடவை அனுப்பினாலும், அவருடைய உரிமத்தோடு மற்ற யாவருடைய நற்பெயரும் போகும். காங்கிரஸ் ரேடியோ அந்நிய ஆட்சியின் சட்டத்தை மீறியது, மீற வேண்டியிருந்தது. இன்று நாம் கேட்பது நமது சட்டத்துக்குள் நமது பங்கை. இரண்டையும் குழப்பிக் கொண்டால் காரியம் கெடும்.

ஒற்றர்களுக்கு இது உதவுமே என்பது அதிகாரிகளின் பழைய அச்சம். அமெச்சூர் தன் செய்தியை மறைமொழியில் அனுப்பக் கூடாது. தன் குறியைத் திரும்பத் திரும்ப அறிவிக்க வேண்டும். அவர் அனுப்புவதை யாரும் பார்க்கலாம், போலீஸாரும் பார்க்கலாம். கள்ளத்தனம் செய்ய நினைக்கிறவன் பரீக்ஷை எழுதி, விலாசம் கொடுத்து, எல்லோரும் பார்க்கும் சாளரத்தில் வந்து நிற்பானா? ஆபத்துக் காலத்தில் இவர்கள் செய்த சேவை ஏட்டில் இருக்கிறது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற அம்மையார் தலைமையில் ஒரு குழுவினர் அமெச்சூர் பரிசோதனைக்காக அந்தமான் சென்றிருந்தனர். 26-ந் தேதி கடல் பொங்கி வந்து மற்ற வழிகள் அறுந்தபோது, தீவிலிருந்து கரைக்குச் செய்தி அனுப்பியது அவர்களுடைய கருவி. பொழுதுபோக்கு என்று எண்ணப்பட்டது ஒரு காலையில் உயிர்நாடியாக மாறிற்று.

செய்ய வேண்டியவை

முதலாவது, திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் உரிமப் பரீக்ஷைக்குத் தமிழில் பாடம் நடத்தும் மாலை வகுப்புகள் ஏற்பட வேண்டும். பாடங்கள் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதால் பட்டறையில் வேலை செய்யும் கெட்டிக்கார வாலிபர்கள் எட்டி நிற்கிறார்கள். ஓய்வு பெற்ற எஞ்ஜினீயர்களும் வானொலி நிலையத்தில் ஊழியம் செய்தவர்களும் ஊரில் பலர் இருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு மாலைகளை அவர்கள் இதற்குத் தந்தால் போதும்.

இரண்டாவது, அனுப்புவதற்கு முன் வாங்கப் பழக வேண்டும். 2018 நவம்பரில் வானேறிய கட்டார் தேசத்து எஸ்ஹெயில்-2 என்னும் துணைக்கோளில், உலகத்தில் முதன்முதலாக ஒரே இடத்தில் நிலைத்து நிற்கும் அமெச்சூர் அஞ்சல் கருவி வைக்கப்பட்டிருக்கிறது. அதில் டிஜிட்டல் டெலிவிஷனுக்கென்றே ஒரு பகுதி உண்டு. திருச்சியிலிருந்து பார்த்தால் அது மேல்வானில், அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 29 பாகை உயரத்தில் நிற்கிறது. மாடியில் துருப்பிடித்துக் கிடக்கும் டெலிவிஷன் தட்டு ஒன்றைச் செப்பனிட்டு அத்திசையில் திருப்பி, தகுந்த வாங்கும் கருவியை இணைத்தால், ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள அமெச்சூர்கள் அனுப்பும் காட்சிகளை நம் மாணவர்கள் பார்க்கலாம். தட்டை விரல் அகலம் நகர்த்திப் படம் வரவும் போகவும் காணும் மாணவனுக்கு, புஸ்தகத்தில் பத்துப் பக்கம் படித்தும் வராத ஞானம் வரும்.

மூன்றாவது, உரிமம் பெற்றவர்கள் நாலைந்து பேரானதும், காவிரியின் இரு கரைகளிலும் ஒவ்வொரு கருவி வைத்துச் சிறு சக்தியில் சோதனை தொடங்க வேண்டும். ஆற்றைக் கடந்த பிறகு கொள்ளிடக் கரைக்கும், அதன் பிறகு முக்கொம்புக்கும் செல்லலாம். ஆண்டுதோறும் ஆடி பிறக்குமுன் ஒரு நாள், ஊர் மின்சாரத்தைத் தொடாமல் மின்கலத்தை மட்டும் நம்பி, கரைகளின் காட்சியைக் கலெக்டர் கச்சேரிக்கு அனுப்பிக் காட்டும் ஒத்திகை நடக்க வேண்டும். ஒத்திகையில் தவறினால் சிரித்துக் கொள்ளலாம். ஐப்பசியில் தவறினால் சிரிக்க முடியாது.

நான்காவது, சர்க்கார் செய்ய வேண்டியது. 1885-ம் வருஷத்துத் தந்திச் சட்டமும் 1933-ம் வருஷத்து ரேடியோச் சட்டமும் அந்நியர் ஆண்ட நாளில், ஜனங்களை நம்பாத மனோபாவத்தோடு எழுதப்பட்டவை. அவற்றுக்குப் பதிலாக 2023 டிசம்பரில் பார்லிமெண்டு புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் புதிதானால் மட்டும் போதாது. அதன் கீழ் நடக்கும் காரியங்களும் புதிய மனத்தோடு நடக்க வேண்டும். டிஜிட்டல் டெலிவிஷன் அமெச்சூருக்கு உரிய முறை என்பது எவரும் ஐயுறாதபடி விதிகளில் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். பரீக்ஷைகள் குறித்த காலத்தில், ஜில்லாத் தலைநகரங்களில், தமிழிலும் நடக்க வேண்டும். சில்லுகளையும் சிறு பலகைகளையும் வரவழைக்கும் மாணவனைச் சுங்கச் சாவடியில் குற்றவாளியைப் போல நிறுத்தி வைக்கலாகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த 4 மெகாஹெர்ட்ஸ் நம் கையிலேயே நீடிக்க வேண்டும். ஆகாயத்தின் விலை நாளுக்கு நாள் ஏறுகிறது. கம்பெனிகள் ஒவ்வொரு துண்டுக்கும் கோடிக்கணக்கில் ஏலம் கேட்கின்றன. தூர்தர்ஷன் பழைய முறைத் தரை ஒளிபரப்பைப் படிப்படியாக நிறுத்தி, 2022-க்குள் அநேகமாக எல்லா நிலையங்களிலும் முடித்துவிட்டபடியால், அதனால் காலியான ஆகாயத்தின் மீதும் பலருக்குக் கண் விழுந்திருக்கிறது. உழாத நிலத்தைப் புறம்போக்கு என்று எழுதிவிடுவது வருவாய்க் கணக்கர்களின் வழக்கம். ஆகாயக் கணக்கும் அப்படித்தான். நமக்கு விடப்பட்ட 4 மெகாஹெர்ட்ஸை நாம் சாகுபடி செய்யாமல் விட்டால், ஒரு நாள் அது வேறொருவர் பட்டாவில் ஏறியிருக்கக் காண்போம். அப்போது எழுப்பும் கூக்குரலுக்கு மதிப்பிராது. சென்னைச் சங்கத்தார் கால் காசு லாபமின்றி 1924-ல் தொடங்கிய வேலையின் அடுத்த அத்தியாயம் திருச்சியில் எழுதப்படுமா என்பது, இந்த ஊர் வாலிபர்கள் வரும் ஆடிக்கு முன்பு ஒரு மேஜையையும் ஒரு சூட்டுக்கோலையும் எடுத்து உட்காருவதைப் பொறுத்திருக்கிறது. உட்காருவார்கள் என்றே நாம் நம்புகிறோம்.